தக்கை முங்காது, எழும்பும்

டென்ச் மீனுக்கு மயிலிறகில் தக்கை செய்யப் போகிறேன் என்று அம்மாவிடம் போனில் உளறியதுதான் தப்பு. "ஏம்ப்பா, முருகன் வாகனத்தோட இறகை எடுத்தா மீன் பிடிப்ப?" என்று ஆரம்பித்துவிட்டார். எங்கள் ஊர் விராலிமலைப் பக்கம். அங்கே மயிலுக்குப் பஞ்சமே இல்லை. சின்ன வயதில் சித்தப்பா கண்மாயில் போட்ட தூண்டிலில், மீன் கடிப்பதைக் காட்ட மிதக்கும் தக்கையே மயிலிறகுத் தண்டுதான். அதை ஞாபகப்படுத்தினேன். "அவன் கெடக்கான், நீ படிச்ச புள்ள" என்று முடித்துக்கொண்டார்.

இப்போது நான் இருப்பது இங்கிலாந்தில், ரெடிங் நகருக்குப் பக்கத்தில். கென்னட் ஆற்றை ஒட்டி ஏரி என்று சொல்பவற்றில் நிறைய சரளைக்கல் தோண்டிய குழிகள். தோண்டி முடித்ததும் தண்ணீர் ஊறி ஏரியாகிவிட்டன. நான் சந்தா கட்டும் தூண்டில் சங்கத்திடம் இருப்பது அப்படியல்ல, ஒரு பழைய குட்டை. நம்மூர் ஊருணி அளவுதான் இருக்கும். ஒரு கரை முழுக்க அல்லி இலை, எதிர்க்கரையில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வில்லோ மரங்கள், அடியில் கரும் சேறு. டென்ச்சுக்கு இதைவிடச் சொகுசான வீடு கிடையாது.

டென்ச் கெண்டைக்குச் சொந்தக்கார மீன்தான். ஆனால் பார்த்தால் கெண்டை ஞாபகமே வராது. பாசிப்பச்சை உடம்பு, வயிற்றுப்பக்கம் பித்தளை மினுக்கு. செதில் உண்டா என்று சந்தேகப்படும் அளவுக்குப் பொடிச் செதில். அதன்மேல் விரால்போல வழுவழுப்பு. வாயின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு குட்டி மீசை. கண் மட்டும் குங்குமச் சிவப்பு. நோய்ப்பட்ட மீன்கள் இதன்மேல் உரசிக்கொண்டால் குணமாகும் என்று இங்கே ஒரு பழங்காலத்து நம்பிக்கை, அதனால் 'டாக்டர் மீன்' என்று பட்டப்பெயர். குளிர்காலத்தில் அடியில் ஒடுங்கிக் கிடக்கும், தண்ணீர் சூடேறிய பிறகுதான் மும்முரமாக மேயும். பிரிட்டனில் இதன் சாதனை எடை 15 பவுண்டு 3 அவுன்ஸ், 2001இல் பிடிபட்டது. எங்கள் குட்டையில் 5 பவுண்டு மீன் வந்தால் அன்றைக்குப் பிடித்தவர்தான் ராஜா.

எனக்கு 2 பவுண்டுகூட வரவில்லை, இரண்டு வருஷமாக. கடையில் வாங்கிய பளபளப்பான தக்கைகள் பெட்டி நிறைய இருந்தன. தக்கை லேசாக நடுங்கும், நிற்கும், கொஞ்சம் உயரும், பக்கவாட்டில் நகரும். முங்கவே முங்காது. நானும் முங்கட்டும், முங்கட்டும் என்று உட்கார்ந்திருப்பேன். கடைசியில் சுருட்டிப் பார்த்தால் முள்ளில் சோளம் இருக்காது.

பக்கத்து இடத்தில் எப்போதும் உட்காரும் ஒரு பெரியவர், இதை ரொம்ப நாள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் தன் தக்கையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சாதாரண மயிலிறகுத் தண்டு, நுனியில் ஆரஞ்சு வர்ணம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையிலிருந்து யாரோ இவருக்குப் பார்சல் அனுப்பியது மாதிரி இருந்தது. இங்கே தலைமுறை தலைமுறையாக இதைத்தான் பயன்படுத்துகிறார்களாம். ஆனால் கட்டும் விதம்தான் தலைகீழ். 'லிஃப்ட்' முறை என்று பெயர், ஃப்ரெட் ஜே. டெய்லர் என்ற தூண்டில்காரர் 1950களில் எழுதி எழுதிப் பிரபலமாக்கியது.

விஷயம் இதுதான். டென்ச் தலையைத் தரையில் குத்தி, வாலை மேலே தூக்கிக்கொண்டு மேயும். இரையை உறிஞ்சிவிட்டு உடம்பை நேராக்கும்போது, இரை தரையைவிட்டு மேலே வரும். முள்ளுக்கு மூன்று அங்குலத்தில் ஒரே ஒரு கனமான குண்டு இருந்தால், மீன் அதையும் சேர்த்துத் தூக்கும். குண்டின் கனம் போனதும் தக்கையைக் கீழே இழுத்துப் பிடிக்க எதுவுமில்லை. விறுவிறுவென்று எழும்பி, தண்ணீர்மேல் படுத்துவிடும். நாம் ஊரில் தக்கையின் மேலே கண் வைத்து முங்கலுக்குக் காத்திருந்தோம். இங்கே எழும்பலுக்குக் காத்திருக்க வேண்டும். தக்கையின் அடிமுனை மட்டும்தான் தூண்டில் நரம்போடு இணைந்திருக்க வேண்டும், அப்போதுதான் படுக்கும். சித்தப்பா இரண்டு முனையிலும் கட்டுவார்.

சரி, செய்து பார்த்துவிடலாம் என்று ஆகஸ்ட் மாதம் இறகு தேடினேன். ஊரிலிருந்து வரவழைக்கும் எண்ணமே வேண்டாம். மயிலிறகை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. இங்கேயே ஒரு பண்ணைக் கடையில், முட்டைக்குப் பக்கத்தில், ஜாடி நிறைய உதிர்ந்த இறகு வைத்திருந்தார்கள். கோடை முடிவில் ஆண்மயில் தோகையைத் தானாகவே உதிர்த்துவிடும், அதைப் பொறுக்கி விற்கிறார்கள். என் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஓர் இறகு வாங்கினேன். கண் இருக்கும் மேல்பகுதியை நறுக்கியதும் மகள் பிடுங்கிக்கொண்டாள். அது இப்போது அவள் கணக்குப் புத்தகத்துக்குள் நாலு அரிசியோடு இருக்கிறது. குட்டி போடும் என்று சொல்லிக்கொடுத்தது நான் இல்லை, அவள் அம்மா.

முதலில் இழைகளை உரிக்க வேண்டும். நுனியிலிருந்து அடியை நோக்கிப் பிய்த்தால் தண்டின் தோலும் சேர்ந்து வருகிறது. பிளேடைப் படுக்கைவாக்கில் வைத்து மெதுவாகச் சீவிவிட்டு, மிச்சத்தை நைசான உப்புத்தாளால் தேய்ப்பதுதான் நல்லது. அடுத்து வெட்டு. நான் சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து நறுக்கினேன். தண்டு நசுங்கி நீளவாக்கில் பிளந்துவிட்டது. உள்ளே வெள்ளையாகத் தெர்மகோல் மாதிரி சோறு இருக்கும், வெளியே மெல்லிய ஓடு. ஓடு பிளந்தால் போச்சு. புது பிளேடை வைத்து, பென்சில் சீவுவதுபோலத் தண்டை உருட்டி உருட்டிச் சுற்றிலும் கீறி எடுத்தால் வெட்டு சுத்தமாக வருகிறது. நல்ல பகுதியிலிருந்து மூன்று துண்டு கிடைத்தது.

முதல் தக்கையை அவசரத்தில் செய்தேன். நுனிக்கு மட்டும் வர்ணம் அடித்து, அடிமுனையை அப்படியே விட்டுவிட்டேன். செப்டம்பரில் கொண்டுபோய்ப் போட்டால், காலையில் ஓர் அங்குலம் தெரிந்த நுனி இரண்டு மணி நேரத்தில் மறைந்துவிட்டது. மீன்தான் என்று நினைத்து மூன்று தடவை வெட்டி இழுத்தேன். கையில் எடுத்துப் பார்த்தால் தக்கை கனக்கிறது. உள்ளே இருக்கும் சோறு திரிபோலத் தண்ணீரைக் குடித்திருக்கிறது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தெர்மாஸிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

குளிர்காலத்தில் மீதி இரண்டையும் நிதானமாகச் செய்தேன். இங்கேதான் வாளி வந்தது. குண்டோடு தக்கையை வாளியில் விட்டால் அது மெதுவாக, ரொம்ப மெதுவாக, அடிக்குப் போக வேண்டும். மிதந்தால் குண்டு போதாது, மீன் தூக்கினாலும் தக்கைக்குச் சரியாகத் தெரியாது. கல் மாதிரி விழுந்தால் குண்டு அதிகம், மீனுக்கே சந்தேகம் வந்துவிடும். நான் வெட்டியது 22 சென்டிமீட்டர். எஸ்எஸ்ஜி என்ற அளவுக் குண்டு ஒன்று போட்டேன், ஜாலியாக மிதந்தது. இரண்டு குண்டு போடுவதைவிடத் தக்கையைக் குறைப்பது மேல் என்று பட்டது. தடித்த முனையில் ஒரு சென்டிமீட்டர் வெட்டு, வெட்டிய இடத்தில் சோறு நனையாமல் வாசலின் தடவு, வாளியில் விடு, எடு, துடை, மறுபடி வெட்டு. 15 சென்டிமீட்டரில் சரியாக வந்தது. மகளை எண்ணச் சொன்னேன். எட்டு எண்ணுவதற்குள் அடியைத் தொட்டது. கெட்டுப்போன முதல் தக்கையையும் 15க்கு வெட்டி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, அதே குண்டோடு விட்டுப் பார்த்தோம்: மூன்று. அந்த எட்டை வாளியின் பக்கத்தில் மார்க்கரால் எழுதி வைத்தேன், மனைவிக்குப் பிடிக்கவில்லை.

குண்டு பற்றி ஒரு வார்த்தை. இங்கே சின்ன ஈயக் குண்டுகளுக்கு 1987 முதல் தடை. கரையோரம் சிந்திக் கிடந்த ஈயத்தை விழுங்கி அன்னங்கள் செத்துக்கொண்டிருந்தன, அதனால். இப்போது கடையில் கிடைப்பது வேறு உலோகம், ஈயம்போல மெத்தென்று அமுங்காது. ஊரில் பல்லால் கடித்துப் பொருத்தின பழக்கத்தில் நானும் கடித்தேன். பல் டாக்டருக்கு இங்கே ஆகும் செலவு தெரிந்தவர்கள் குறடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு முடிந்ததும் வாசலினை சுத்தமாகத் துடைத்து, வெட்டிய இரு முனையிலும் சூப்பர் க்ளூ ஒவ்வொரு சொட்டு. சோறு அதை இழுத்துக்கொண்டு கல்போல இறுகிவிடுகிறது. நுனிக்கு முதலில் வெள்ளை, காய்ந்ததும் அதன்மேல் ஆரஞ்சு. வெள்ளை இல்லாமல் நேரே அடித்தால் ஆரஞ்சு செங்கல் நிறத்துக்கு மங்கிவிடும். கடைசியில் முழுத் தண்டுக்கும் வார்னிஷ் இரண்டு பூச்சு, நடுவில் ஒருநாள் காயவிட்டு. காய வைக்க உருளைக்கிழங்கில் குத்தி நிறுத்தினேன். அடிமுனையில் மாட்ட ஒரு சென்டிமீட்டர் சிலிகான் குழாய். நரம்பு குழாய்க்குள் போகும், தக்கையின் முனையும் அதே குழாய்க்குள் இறுக்கமாகச் செருகிக்கொள்ளும்; மேலே கீழே தள்ளி ஆழத்தை மாற்றலாம். இறுக்கம் போதும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடக் கூடாது. ஏரி, குளங்களில் பெரும்பாலும் அந்தத் தடை 1995இல் போய்விட்டது, ஆனால் எங்கள் சங்கம் பிடிவாதமாகப் பழைய வழக்கத்தையே வைத்திருக்கிறது. ஜூன் 16 திறப்பு. அந்த வார வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேற்றைக் கிளறிவிட்டு வந்தேன். தோட்டத்து வாரியின் தலை இரண்டை முதுகோடு முதுகாகக் கட்டி, கயிற்றில் வீசி இழுப்பது. களையும் சேறும் கலங்கி, உள்ளே இருக்கும் புழு பூச்சியெல்லாம் வெளியே வரும். டென்ச் கலங்கலைத் தேடி வரும். அதன்மேல் ரொட்டித்தூளும் டின் சோளமும் பிசைந்து நாலு உருண்டை. ஊரில் தவிடும் கடலைப் புண்ணாக்கும்.

சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்குக் கரையில் இருந்தேன். ஜூனில் இங்கே ராத்திரி என்பது பேருக்குத்தான். தண்ணீர்மேல் ஆவி மெலிதாகப் படர்ந்திருந்தது. பெரியவர் ஏற்கெனவே வந்து, தொப்பியோடு, சிலை மாதிரி. லைசென்ஸ் சட்டைப்பையில். 13 வயது ஆனவர் யாரானாலும் வாங்கியாக வேண்டும், சங்கச் சந்தா வேறு, அது வேறு.

ஆழம் பார்க்கும் குண்டை முள்ளில் மாட்டி அல்லி இலை ஓரமாக விட்டேன். நாலு அடி. தக்கையை நாலரையில் வைத்தேன். பத்தாம் நம்பர் முள், மீனைப் பிடித்துக்கொள்ளும் பின்கூர் இல்லாதது, அதில் இரண்டு சோளம். வீசி, குண்டு தரையில் உட்கார்ந்ததும் ரீலை மெல்லச் சுருட்டினால், படுத்திருந்த தக்கை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, ஆரஞ்சு நுனி மட்டும் ஒரு மிளகாய் விதை அளவு தெரிகிற மாதிரி நிற்கும். அப்படி நின்றதும் ராடைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கையை அதன்மேலேயே வைத்திருக்க வேண்டும். ராடைக் கையில் பிடித்தால் நரம்பு தளர்ந்து தக்கை சாய்ந்துவிடும்.

ஐந்தரை மணி இருக்கும். தக்கைக்குப் பக்கத்தில் கடுகு அளவுக் குமிழிகள், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, கொத்துக் கொத்தாக வந்தன. டென்ச்தான். சேற்றை வாயில் அள்ளிச் சலிக்கும்போது வருபவை. குமிழிக் கூட்டம் மெதுவாக நகர்ந்து தக்கையைச் சுற்றியது. நுனி நடுங்கியது. நின்றது. அப்புறம் யாரோ அடியிலிருந்து தள்ளியது போல அரை அங்குலம், ஓர் அங்குலம், மூன்று அங்குலம் என்று ஏறி, ஒரு கணம் குச்சியாக நின்று, தொப்பென்று சாய்ந்து படுத்தது.

நான் அசையவில்லை. எல்லாம் தெரியும், ஆறு மாதமாக வாளி வைத்துப் படித்தது, ஆனாலும் கை அசையவில்லை. அது முங்கலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் "முங்கட்டும்டா, அவசரப்படாத" என்று சித்தப்பா மண்டையில் தட்டிச் சொன்னதைக் கை இன்னும் மறக்கவில்லை. தக்கை மறுபடி நிமிர்ந்து, ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது. சோளம் போயிருந்தது. இரண்டாவது தடவையும் அதேதான். பெரியவர் என் பக்கம் திரும்பாமலே "அப்!" என்றார்.

மூன்றாவது தடவை எழும்ப ஆரம்பித்ததுமே தூக்கிவிட்டேன். ராடு வளைந்து நின்றது. டென்ச் துள்ளாது, பாயாது. ஒரு எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு நடக்கிற மாதிரி இழுக்கும். அல்லிப் பக்கம் போக விடாமல் பக்கவாட்டில் ராடைச் சாய்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிஷம் இருக்கலாம், கை வலிக்கு அரை மணி என்று சொல்லலாம். வலையில் விழுந்தபோது, நனைத்து வைத்திருந்த பாய்மேல் கிடத்தினேன். முள் தானாகவே கழன்று வலையில் கிடந்தது. 4 பவுண்டு 2 அவுன்ஸ், ஆண். வயிற்றடித் துடுப்பு கரண்டிபோல அகலமாக, தடித்த முன் எலும்போடு இருந்தால் ஆண், பெண்ணுக்குச் சின்னது. கை முழுக்க வழுவழுப்பு, கழுவினால் போகாது, புல்லில் துடைத்தாலும் போகாது. அந்தச் சிவப்புக் கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் பிடித்தேன். வாலை ஒரு ஆட்டு ஆட்டி, என் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனது.

படத்தை ஊர்க் குழுவில் போட்டதும் முதல் பதில்: "நல்லா இருக்கே, குழம்பா வறுவலா?" விட்டுவிட்டேன் என்றதும் ஒரு மாமா கோபித்துக்கொண்டு வாய்ஸ் மெசேஜே அனுப்பினார். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் போலந்திலும் இதைச் சாப்பிடுகிறார்கள். எங்கள் சங்கத்தில் எல்லா மீனையும் திருப்பி விட வேண்டும் என்பது சட்டம். எனக்கும் அதில் வருத்தமில்லை. சேற்று வாசனை மீன் எப்படி இருக்கும் என்று கண்மாய்க் கெளுத்தி தின்றவனுக்குத் தெரியாதா?

ஏழு மணிக்கு மேல் வெயில் ஏறியது, குமிழிகள் நின்றன. புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும் பிரித்தேன். பெரியவருக்கு ஒரு கை கொடுத்தேன். கடித்த வரமிளகாயைத் துப்பாமல் மென்று விழுங்கிவிட்டு, கண்ணில் நீர் வழிய, நன்றாக இருக்கிறது என்றார். மரியாதைக்காரர். எட்டரைக்கு ஒரு பெண் டென்ச், 3 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. இந்தத் தடவை கை யோசிக்கவில்லை.

பத்து மணிக்கு வந்தது பெரியது. எவ்வளவு பெரிது என்று சொல்ல மாட்டேன், தப்பின மீன் எல்லாம் பெரியதுதான். தக்கை எழும்பிப் படுப்பதற்குள் ராடு தாங்கியிலேயே வளைந்தது. நான் பிடிப்பதற்குள் அது அல்லிக்குள் இருந்தது. நரம்பு அல்லித் தண்டில் சுற்றி, அசையாமல் நின்றது. ஒரு நிமிஷம் தளர்த்தி விட்டுப் பார்த்தேன், சில நேரம் மீனே நீந்தி வெளியே வரும். வரவில்லை. முள் கழன்று தண்டில் குத்திக்கொண்டது, இழுத்ததும் தெரிந்தது. முள்ளுக்கு மேலே கட்டுவது கொஞ்சம் மெல்லிய நரம்பு, அறுந்தால் அங்கேதான் அறுந்து, தக்கையும் குண்டும் நம்மிடம் வர வேண்டும் என்பது கணக்கு. நரம்பு கணக்குப்படி அறுந்தது, குண்டு வந்தது. தக்கை வரவில்லை. அல்லி இலைகளில் உரசி இழுபட்டதில் சிலிகான் குழாயிலிருந்து நழுவி, இலைகளுக்கு நடுவே, என் ராடு எட்டாத இடத்தில் மிதந்துகொண்டிருந்தது. ஒரு குழாய் போதாது. பெரியவரின் தக்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

இரண்டாவது தக்கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், ஆனால் கண் முழுக்க முதலாவதின் மேல்தான். மதியம் காற்று திரும்பியது. இலைகளுக்கு நடுவிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, ஒரு வாத்துக் கூட்டத்தின் நடுவே புகுந்து, ஒரு வாத்து அதைக் கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பி, வில்லோ மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. சுற்றிக்கொண்டு போய்க் குனிந்து எடுக்கும்போது மணி இரண்டு. வார்னிஷில் வாத்துக்கொத்தின் சின்னக் கீறல் ஒன்று, மற்றபடி அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் வாளியில் தண்ணீர் பிடித்தேன். அதே எஸ்எஸ்ஜி குண்டு. மகள் வந்து பக்கத்தில் குந்தினாள். விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். நான்கு, ஐந்து. ஆரஞ்சு நுனி இன்னும் நடுத்தண்ணீரில்தான் இருந்தது. ஆறு, ஏழு.

எட்டில் அடியைத் தொட்டது.